ஸ்க்ரோல் ஸாவில் முழு உருவங்கள்: சதுரங்க யானை முதல் கிண்ணம் வரை

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை வளைவுகளாக அறுக்கும் மின்ரம்பமான ஸ்க்ரோல் ஸா பற்றி வந்த கேள்வி இது: "16 அங்குல ஸ்க்ரோல் ஸா ஒன்று வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகை, பூவேலைத் தட்டி, வெட்டுப் புதிர் போன்ற பலகை வேலைகள் கைக்கு வந்துவிட்டன. சதுரங்கக் காய், விலங்கு உருவம், கிண்ணம் போன்ற முழு உருவங்களையும் இதில் செய்ய முடியுமா? அதற்கு லேத் வாங்கத்தான் வேண்டுமா?"

முடியும். லேத் வேண்டாம். உங்களிடம் இருக்கும் இயந்திரத்திலேயே மூன்று வழிகள் உண்டு. கட்டை ஒன்றை இரண்டு முகங்களிலிருந்து வெட்டி உருவம் எடுப்பது ஒன்று. பலகையைச் சாய்வாக வளையம் வளையமாக வெட்டி, அடுக்கி ஒட்டிக் கிண்ணம் செய்வது இன்னொன்று. சாய்வான சுருளாக வெட்டி, இழுத்தால் கூடையாக இறங்கும்படி செய்வது மூன்றாவது. நீங்கள் கேட்ட காய்களும் விலங்குகளும் முதல் வழியைச் சேர்ந்தவை. பலர் தடுமாறி விட்டுவிடுவதும் அங்கேதான் என்பதால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் வெட்டும் கை அல்ல, வரைபடம்.

முறை எளிமையானது. கட்டையின் ஒரு முகத்தில் உருவத்தின் முன்தோற்றத்தையும், அதை ஒட்டிய முகத்தில் பக்கத்தோற்றத்தையும் ஒட்டுகிறோம். முன்தோற்றத்தை வெட்டி முடித்ததும் எந்தத் துண்டையும் வெளியே எடுக்காமல், எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்து டேப் சுற்றுகிறோம். கட்டையை 90 டிகிரி திருப்பிப் பக்கத்தோற்றத்தையும் வெட்டுகிறோம். டேப்பை அறுத்துக் கழிவுகளை விலக்கினால் உள்ளே உருவம் இருக்கும். ஐரோப்பிய பாணி நாற்காலிகளின் வளைந்த காலைத் தச்சுப் பட்டறைகளில் பேண்ட் ஸாவால் (பட்டை ரம்பத்தால்) அறுப்பதும் இதே முறையில்தான்.

இனி வரைபடத்துக்கு வருவோம். இந்த முறையில் வெட்டிய உருவத்தை எந்த உயரத்தில் குறுக்கே அறுத்துப் பார்த்தாலும், கிடைக்கும் வெட்டுமுகம் ஒரு செவ்வகமாக அல்லது பல செவ்வகங்களாகத்தான் இருக்கும். அந்த உயரத்தில் முன்தோற்றம் எவ்வளவு அகலமோ, பக்கத்தோற்றம் எவ்வளவு நீளமோ, அந்த இரண்டின் பெருக்கம் அது. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டவர் வரைபடத்தைப் பார்த்தே எது வெட்டுப்படும், எது கெடும் என்று சொல்லிவிடலாம்.

குதிரை ஒன்றை நான்கு கால்களில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால்கள், நடுவில் இடைவெளி. பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரண்டு கால்கள், நடுவில் இடைவெளி. இரண்டையும் இரண்டையும் பெருக்கினால் நான்கு. எந்தக் கூடுதல் வேலையும் இல்லாமல் நான்கு கால்களும் தாமாக வந்துவிடுகின்றன.

இப்போது தும்பிக்கையைத் தொங்கவிட்டு நிற்கும் யானையை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் உயரத்தில் முன்தோற்றத்தில் மூன்று தூண்கள் தெரிகின்றன: இடக்கால், தும்பிக்கை, வலக்கால். பக்கத்தோற்றத்திலும் மூன்று: தும்பிக்கை, முன்கால், பின்கால். பெருக்கினால் ஒன்பது. நமக்கு வேண்டியவை ஐந்துதான். மீதி நான்கும் யாரும் கேட்காமல் முளைத்தவை. தும்பிக்கைக்கு இரண்டு பக்கமும் போலித் தும்பிக்கை ஒவ்வொன்று நிற்கும். முன்கால்களுக்கு நடுவில் ஒன்று, பின்கால்களுக்கு நடுவில் ஒன்று என்று உபரிக் கால்கள் நிற்கும். இவற்றைக் கத்தியாலும் சிறு ரம்பத்தாலும் எடுத்துவிட முடியும்தான். ஆனால் 20 மில்லிமீட்டர் இடத்துக்குள் உளி விட்டுத் தோண்டும்போது உடைவது உபரிக் காலாக இருக்காது, வேண்டிய காலாகத்தான் இருக்கும்.

இதற்கு நல்ல தீர்வு வரைபடத்திலேயே இருக்கிறது. தும்பிக்கையைத் தூக்கிவிடுங்கள். தூக்கிய தும்பிக்கை முதுகு மட்டத்துக்கு மேலே போய்விடுகிறது. அந்த உயரத்தில் பக்கத்தோற்றத்தில் வேறு எதுவும் இல்லை, முன்தோற்றத்திலும் இல்லை. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதான். கால் மட்டத்தில் தும்பிக்கை இல்லாததால் அங்கே கச்சிதமாக நான்கு கால்கள். மரத்தின் ரேகை கட்டையின் நீளவாட்டில், அதாவது கீழிருந்து மேலாக ஓடுவதால், நிமிர்ந்த தும்பிக்கை ரேகையோடு சேர்ந்து நின்று பலமாகவும் இருக்கும். முன்னால் நீட்டிய தும்பிக்கையில் ரேகை குறுக்கே அறுபட்டிருக்கும். ஒரு முறை கீழே விழுந்தால் முறிந்துவிடும்.

யானையில் இன்னும் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். வால் பின்கால்களின் உயரத்தில் தனியாகத் தொங்கினால், முன்தோற்றத்தில் அங்கே இருக்கும் இரண்டு கால்களோடு பெருகி இரண்டு வால்களாகிவிடும். நடுவில் ஒன்றும் இருக்காது. வாலை உடம்போடு ஒட்டி வரைந்துவிட்டுப் பிறகு கத்தியால் ஒரு கோடு கீறினால் போதும். காது இதைவிடச் சிக்கலானது. தலையும் முதுகும் ஒரே உயரத்தில் இருந்தால், முன்தோற்றத்தில் காதுகளுக்காக விட்ட அகலம் முழுவதும் முதுகுக்கும் வந்துவிடும். பெட்டிக்குக் கால் முளைத்த உருவம்தான் கிடைக்கும். தலையை முதுகைவிட உயர்த்தி வரையலாம். அல்லது 3 மில்லிமீட்டர் தகட்டில் காதுகளைத் தனியே வெட்டி ஒட்டலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. காது தனி மரத்தில் இருந்தால் அதன் விளிம்பு நிழல் விழும்படி தூக்கலாக நிற்கிறது. தந்தத்தை வரைபடத்தில் சேர்க்கவே வேண்டாம். முகத்தின் முழு அகலத்துக்கும் ஒரு பலகைபோல நீளும். இரண்டு துளை போட்டு வெளிர் மரத்தில் சீவிய குச்சிகளைச் செருகுங்கள். கண்ணுக்கு மட்டும் இந்த விதி நமக்குச் சாதகமாக இருக்கிறது. பக்கத்தோற்றத்தில் போடும் ஒரு துளை மறுபக்கம் வரை ஊடுருவிப் போவதால் இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் அமைந்துவிடும்.

சதுரங்கக் காய்களை நீங்கள் குறிப்பாகக் கேட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். இன்று உலகமெங்கும் போட்டிகளில் புழங்கும் ஸ்டான்டன் வகைக் காய்கள் 1849இல் லண்டனின் ஜாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தவை. அவற்றில் குதிரையைத் தவிர எல்லாமே லேத்தில் கடையக்கூடிய வடிவங்கள். குதிரைத் தலை மட்டும் கையால் செதுக்க வேண்டியது. அமிர்தசரஸில் இன்றும் அதற்கென்றே தேர்ந்த கைவினைஞர்கள் இருக்கிறார்கள். ஸ்க்ரோல் ஸாவில் இந்த வரிசை தலைகீழாகிறது. குதிரைதான் எளிது. பக்கத்தோற்றத்தில் முகம், பிடரி, கழுத்து. முன்தோற்றத்தில் மேலே குறுகும் ஒரு வடிவம், உச்சியில் இரண்டு காதுகள். காது உயரத்தில் பக்கவாட்டில் வேறு ஒன்றும் இல்லாததால் இரண்டே காதுகள் வரும். கடினமானது சிப்பாய். இரண்டு முகத்திலும் ஒரே வடிவத்தை வெட்டினாலும் உருண்டை வராது. ஒவ்வொரு உயரத்திலும் சதுரம்தான் வரும்.

அந்தச் சதுரத்தை உப்புத்தாளால் தேய்த்து உருண்டையாக்க முயல்பவர்கள் பலர். அதை நான் பரிந்துரைப்பதில்லை. பதினாறு சிப்பாய்களைத் தேய்த்தால் பதினாறும் பதினாறு விதமாக இருக்கும். கழுத்தின் மெல்லிய வளையங்களும் மழுங்கிப்போகும். சதுரமாகவே விடுங்கள். அல்லது தலையில் மட்டும் நான்கு மூலைகளைச் சீவி எண்கோணமாக்குங்கள். ஒரு பக்கத்தை 100 பங்காக எடுத்துக்கொண்டால் நடுவில் 41.4 பங்கை விட்டு இருபுறமும் 29.3, 29.3 பங்கு குறித்துச் சீவினால் சரியான எண்கோணம் வரும். கூர்மையான விளிம்புகளோடு நிற்கும் சதுரக் காய்களுக்கு லேத்தில் கடைந்த காய்க்கு இல்லாத ஓர் அழகு உண்டு. ஸ்க்ரோல் ஸாவின் அடையாளம் அது, மறைக்க வேண்டியதில்லை.

அளவுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பரிந்துரையை வைத்துக்கொள்ளலாம். ராஜா 95 மில்லிமீட்டர் உயரம், ராணி 85, மந்திரி 70, குதிரை 60, யானை 55, சிப்பாய் 50. அடிப்பாகம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். ராஜாவுக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் கட்டை போதும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பொதுவாக இந்த இயந்திரங்கள் அறுக்கக்கூடிய அதிகபட்சத் தடிமன் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். அதனால் முழுத் தொகுப்பும் உங்கள் இயந்திரத்துக்குள் அடங்கிவிடும். யானைக்கு மட்டும் கட்டை சதுரமாக இருக்க வேண்டியதில்லை. அகலத்தைவிட நீளம் கூடுதலாக இருக்கலாம். கட்டாயமான விஷயம் வேறு: மூலைகள் நான்கும் துல்லியமாக 90 டிகிரி இருக்க வேண்டும். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடுக்கில் ஒளி தெரிந்தால் மறுபடி இழைப்புளி போடுங்கள்.

மரம். வெட்பாலை கிடைத்தால் விடாதீர்கள். சன்னபட்டணா பொம்மைகளுக்குப் பரம்பரையாகப் பயன்படும் மரம் அது. வெளிர் நிறம், நெருக்கமான இழை, பிளேடு சீராகப் போகும். குமிழ் இலேசானது, வெட்ட எளிது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் பிளேடின் கூர் சீக்கிரம் போய்விடும்; தேக்கில்தான் செய்வேன் என்றால் கூடுதல் பிளேடுகள் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பெட்டிகளிலிருந்து கிடைக்கும் பைன் மரத்தைப் பழகுவதற்குப் பலர் எடுக்கிறார்கள். அதில் மென்மையான வளையமும் கடினமான வளையமும் மாறி மாறி வருவதால், பிளேடு மெல்லிய இடத்தில் பாய்ந்து கெட்டியான இடத்தில் தயங்கும். பழகுபவருக்கு அதைவிட மா மரம் மேல். எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கணு இருக்கக் கூடாது.

வெட்டத் தொடங்கும் முன் இயந்திரத்தின் மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலகை வேலையில் அரை டிகிரி பிசகினால் யாருக்கும் தெரியாது. 40 மில்லிமீட்டர் கட்டையில் அதே அரை டிகிரி, மேலுக்கும் கீழுக்கும் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசமாகிவிடும். மேசையில் இருக்கும் அளவுகோலை நம்ப வேண்டாம். 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கழிவுக் கட்டையில் பிளேடை 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் நுழைத்து நிறுத்துங்கள். இயந்திரத்தை அணைத்துவிட்டு, கட்டையை மேசையிலிருந்து தூக்காமல் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய், அரைவட்டம் திருப்பி, அந்தப் பிளவைப் பிளேடின் முதுகுக்கு நேரே வையுங்கள். மேலிருந்து கீழ்வரை பிளேடு பிளவுக்குள் சரியாக உட்கார்ந்தால் மேசை நேராக இருக்கிறது. மேலே பொருந்தி கீழே விலகினால் சாய்வு இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது உண்மையான சாய்வைப் போல இரு மடங்கு என்பதால் சிறு பிசகும் தப்பாது.

பிளேடு விஷயத்தில், 5 அங்குல நீளமுள்ள, முனையில் ஊசி இல்லாத சாதாரண பிளேடுகளில்தான் வகைகள் அதிகம் கிடைக்கும். மென்மையான மரத்துக்கு 5ஆம் எண், கெட்டி மரத்துக்கு 7 அல்லது 9. ஒன்று விட்டு ஒன்று பல் இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். காரணம் இதுதான்: இந்த இயந்திரங்களில் பிளேடு ஒரு முறை மேலும் கீழும் போகும் தூரம் பொதுவாக 20 மில்லிமீட்டருக்குள். 40 மில்லிமீட்டர் கட்டையின் நடுவில் வேலை செய்யும் பல் மரத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை. அது அறுத்த தூள் வெளியேற, பற்களுக்கு நடுவே இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் தூள் அங்கேயே அரைபட்டுச் சூடேறி மரம் கருகும். புகை வாடை வந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று தோன்றும்; அழுத்தத்தைக் குறைப்பதுதான் சரி. வெட்டும் கோட்டின் மேல் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் கருகுவது வெகுவாகக் குறையும். பிளேடின் இறுக்கத்தைச் சோதிக்க அதைத் தம்புரா நரம்புபோலச் சுண்டிப் பாருங்கள். மந்தமான ஒலி வந்தால் தளர்ந்திருக்கிறது, தெளிந்த ஒலி வந்தால் சரி.

வரைபடத்தை அச்சிடும்போது 100 சதவீதம் என்று வைத்து அச்சிட்டு, அளவுகோலால் ஒரு முறை சரிபாருங்கள். இரண்டு தோற்றங்களும் ஒரே தாளில் அடுத்தடுத்து, ஒரே அடிமட்டத்தில் இருக்க வேண்டும். நடுக்கோட்டில் தாளை மடித்து, மடிப்பு கட்டையின் மூலையில் கச்சிதமாக உட்காரும்படி ஒட்டுங்கள். உருவத்துக்கு மேலே 25 மில்லிமீட்டராவது மரம் மிஞ்சி இருக்கட்டும். கழிவு முழுவதையும் ஒன்றாகப் பிடித்துவைப்பது அந்த மிச்சம்தான். கண் போன்ற துளைகளை எல்லாவற்றுக்கும் முன்பே போட்டுவிடுங்கள். வெட்டிய பிறகு துளைத்தால் துண்டுகள் ஆடும்.

எந்த முகத்தை முதலில் வெட்டுவது? குறைந்த துண்டுகளாகப் பிரியும் முகத்தை. யானையில் அது முன்தோற்றம். கட்டையின் அடியில் ஒரு பக்கம் நுழைந்து, உருவத்தைச் சுற்றி மேலே ஏறி, மறுபக்கம் இறங்கி அடியிலேயே வெளியேறினால், கழிவு ஒரே துண்டாக உருவத்தைக் கவிந்து நிற்கும். கால்களுக்கு நடுவே எடுத்த சிறு துண்டு ஒன்று மட்டும் தனி. மூன்றே துண்டுகள், திரும்பச் சேர்ப்பது எளிது.

வெட்டும்போது கையில் தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது. கட்டையைத் தள்ளும்போது பிளேடு நடுவில் பின்னால் வளைகிறது. நேர்கோட்டில் இது பிரச்சினை இல்லை. அந்த வளைவோடேயே ஒரு மூலையில் திருப்பினால், மேலே கோட்டில் போகும் பிளேடு மரத்தின் உள்ளே கோட்டைவிட்டு விலகிப் போகும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். பிரித்துப் பார்க்கும்போதுதான் கால் நடுவில் பருத்தோ இளைத்தோ இருக்கும். எனவே திருப்பத்துக்கு முன் தள்ளுவதை ஒரு நொடி நிறுத்துங்கள். பிளேடு தானாக நிமிரும். ஒலி மாறுவது காதுக்கே தெரியும். பிறகு திருப்புங்கள். இன்னொன்று: பெரும்பாலான பிளேடுகளுக்குத் தயாரிப்பின்போதே ஒரு பக்க விளிம்பு சற்றுச் சொரசொரப்பாக அமைந்துவிடுகிறது. அதனால் நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கம் இழுக்கும். கட்டையைச் சில டிகிரி திருப்பி வைத்துத் தள்ளப் பழகிக்கொள்வதுதான் வழி. பிளேடில் குறை என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

முதல் முகம் முடிந்ததும் பிளவிலிருக்கும் தூளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். தூள் ஒரு முனையில் தங்கிவிட்டால், அழுத்திக் கட்டும்போது கழிவுத் துண்டு சரிந்து உட்காரும். இரண்டாவது முகம் மேசைக்கு இணையாக இருக்காது. சீராக அழுத்தி, பேக்கிங் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். தொடர்ந்து பல காய்கள் செய்வதாக இருந்தால் இரண்டு மரப்பட்டைகளும் இரண்டு நீளமான போல்ட்டுகளும் கொண்டு ஒரு பிடிச்சட்டம் செய்துகொள்ளலாம். டேப்பைவிட அது உறுதியாகப் பிடிக்கும், டேப்புக்கும் செலவில்லை. மேசை நடுவில் பிளேடு வரும் பெரிய துளையின்மேல் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையில் சிறு துளையிட்டு ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சிறு துண்டுகள் உள்ளே விழும், மெல்லிய கால்கள் துளை ஓரத்தில் சிக்கி முறியும்.

கிண்ணத்துக்குக் கணக்கு வேண்டும், ஆனால் ஒரே ஒரு கணக்கு. ஒரு பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்து, மேசையைச் சாய்த்து வெட்டுகிறோம். ஒவ்வொரு வளையத்தின் அடிப்பக்கமும் மேல்பக்கத்தைவிடக் குறுகலாக இருக்கும். ஒரு வளையத்தின் அடிவிளிம்பும் அடுத்த சிறிய வளையத்தின் மேல்விளிம்பும் ஒரே அளவாக இருந்தால்தான் அடுக்கும்போது சுவர் படிக்கட்டாக இல்லாமல் வழவழப்பாக இறங்கும். அதற்கு வளைய அகலத்தைப் பலகைத் தடிமனால் வகுத்து, அந்த எண்ணுக்குரிய கோணத்தைக் கால்குலேட்டரில் டேன் தலைகீழ் (tan⁻¹) பொத்தானால் எடுங்கள். 20 மில்லிமீட்டர் பலகை, 10 மில்லிமீட்டர் வளையம் என்றால் விடை 0.5; கோணம் ஏறத்தாழ 26.6 டிகிரி. 12 மில்லிமீட்டர் வளையம் என்றால் 31 டிகிரி. 200 மில்லிமீட்டர் பலகையில் 10 மில்லிமீட்டர் வளையங்கள் நான்கு எடுத்து, மிஞ்சும் வட்டை அடிப்பாகமாக வைத்தால் 100 மில்லிமீட்டர் உயரக் கிண்ணம் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே பலகையிலிருந்து, அதிகக் கழிவு இல்லாமல்! லேத்தில் இதே கிண்ணத்துக்கு 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டை வேண்டும். அதில் பெரும்பகுதி தூளாகிப் போகும்.

வெட்டும் திசையில் கவனம் தேவை. மேசையின் இடப்பக்கம் தாழ்ந்திருந்தால், பிளேடு வட்டத்தின்மேல் கடிகார முள் திசையில் போக வேண்டும். அதாவது பலகையை நீங்கள் எதிர்த்திசையில் சுற்றித் தள்ள வேண்டும். திசை மாறினால் சாய்வு தலைகீழாகி, உள்வட்டம் மேலே குறுகி அடியில் அகலமாகிவிடும். அந்த வளையத்தை அடுக்கில் எங்கும் பொருத்த முடியாது. உள்வட்டங்களுக்குப் பிளேடை நுழைக்கும் துளையும் அதே கோணத்தில், அடிப்பக்கம் மையத்தை நோக்கிச் சாய்ந்து இருக்க வேண்டும். அதற்கு மேசையை அந்தச் சாய்விலேயே வைத்து ஒரு கழிவுக் கட்டையை அறுத்துக்கொள்ளுங்கள். டிரில்லைச் சாய்த்துப் பிடிக்க அந்த ஆப்பே வழிகாட்டி. ஒட்டும்போது வளையங்களை முதலில் ஒட்டி, உட்புறத்தைத் தேய்த்து முடித்த பிறகே அடிவட்டை ஒட்டுங்கள். இரு பக்கமும் திறந்திருக்கும்போது உள்ளே கை போகும். அடி மூடியபின் மூலையில் கசிந்து காய்ந்த பசையை எடுக்க முடியாது.

மடக்குக் கூடைக்கு நெருக்கமான ஒரே சுருள் கோடும் மிகச் சிறிய சாய்வும் போதும். பிளேடு எடுக்கும் பிளவு சுமார் அரை மில்லிமீட்டர். 3 டிகிரி சாய்வில் ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் இறங்கிய பிறகு ஆப்பு வைத்ததுபோல இறுகி நிற்கும். 5 டிகிரியில் 6 மில்லிமீட்டர்தான் இறங்கும். 2 டிகிரியில் 14 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் பலகையாக இருந்தால் இறுகாமல் கழன்று விழுந்துவிடும். பலகைத் தடிமனில் பாதி இறங்கும்படி கோணத்தை வைத்துக்கொள்வது நல்லது. 3 டிகிரியில் எட்டுச் சுற்று வெட்டினாலே சுமார் 75 மில்லிமீட்டர் ஆழம் கிடைக்கிறது.

தேய்ப்பதையும் மெருகையும் பற்றிச் சுருக்கமாக. 150, பிறகு 220 எண் உப்புத்தாள் போதும். சிறு இடங்களுக்கு ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிய உப்புத்தாள் அல்லது ஊசி அரம். குழந்தைகள் கையாளும் பொம்மைக்குச் சுத்தமான ஷெல்லாக் நல்லது, அரக்கிலிருந்து எடுப்பது. கடைகளில் கிடைக்கும் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள் என்பதால் பொம்மைக்கு வேண்டாம். எந்த ஆளி எண்ணெயானாலும் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

தூளை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995லேயே மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஸ்க்ரோல் ஸா பெரிய இயந்திரங்களைப் போலத் தூளைக் கொட்டாது. அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. ஆனால் அது எழுப்பும் தூள் மெல்லியது, நீங்கள் முகத்தை அதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். ஈட்டி போன்ற கெட்டி மரங்களில் வேலை செய்தால் என்95 முகக்கவசம் கட்டாயம். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், தடித்த கட்டையில் பிளேடு முறிவது அடிக்கடி நடக்கும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், சதுரங்கக் குதிரையில். 30 மில்லிமீட்டர் சதுரம், 110 மில்லிமீட்டர் நீளம், மா அல்லது குமிழ், 5ஆம் எண் பிளேடு. முன்தோற்றத்தை முதலில் வெட்டுங்கள். அது கைவந்தபின் தும்பிக்கை தூக்கிய யானைக்குப் போங்கள். வெள்ளைக் காய்களுக்கு வெட்பாலையும் கறுப்புக் காய்களுக்கு ஈட்டியும் எடுப்பதாக இருந்தால், இரண்டு நிறத்திலும் ஒரே வரைபடத்தின் நகல்களையே ஒட்டுங்கள். ஈட்டியில் பிளேடு மெதுவாகத்தான் நகரும். அதே யானைக்கு வெட்பாலையைவிடக் கூடுதல் நேரமும் கூடுதல் பிளேடும் ஆகும் என்று கணக்கிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.